சீனாவின் சங்கடமும் கும்மிடிப்பூண்டியும்

சீன தேசத்தின் பொருளாதார நிலைமையைப் பற்றி நம் நாட்டில் இரண்டு விதமான பேச்சுகள் நடமாடுகின்றன. சீனர் தொட்டதெல்லாம் பொன்னாகிறது, அவர்கள் செய்வதை அப்படியே செய்தால் நாமும் பிழைத்தோம் என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். அங்கே கட்டிய வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, படித்த வாலிபர்கள் வேலையின்றித் திரிகிறார்கள், ஆகையால் சீனாவின் காலம் முடிந்தது, இனி நம் காலம் என்று மற்றொரு சாரார் உள்ளூர மகிழ்கிறார்கள். முதற் பேச்சு அடிமைப் புத்தியில் பிறந்தது. இரண்டாவது சோம்பலில் பிறந்தது. அண்டை வீட்டான் நோயில் விழுந்தான் என்பதனால் நமக்கு உடம்பு தேறிவிடாது. அவனுக்கு வந்த நோய் இன்னதென்று தெரிந்துகொண்டால், அது நம் வீட்டிலும் தலைகாட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அவ்வாறு பார்க்குமிடத்து, அந்நோயின் குறிகள் சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் கும்மிடிப்பூண்டியில் தெளிவாகவே தென்படுகின்றன என்பது நமது அபிப்பிராயம்.

சீனம் தமிழருக்குப் புதிய தேசமன்று. நம் வீட்டுச் சீனியும் சீனச் சட்டியும் பெயரிலேயே ஊரைச் சொல்லுகின்றன. நம் வர்த்தகர்கள் கடல் கடந்து போய் அங்கே குடியிருந்து, சிவபெருமானுக்குக் கோயிலும் எடுத்தார்கள் என்பதற்கு, சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு சாட்சி. இன்றைய வியாபாரமோ ஒரே பக்கம் சாய்ந்த தராசாக இருக்கிறது. 2024-25-ஆம் வருஷத்தில் சீனாவிலிருந்து இந்தியா வாங்கிய சரக்கின் மதிப்பு சுமார் 11,345 கோடி டாலர். அவர்களுக்கு நாம் விற்றது சுமார் 1,425 கோடி டாலர். ஒரு ரூபாய்க்கு விற்று எட்டு ரூபாய்க்கு வாங்கும் வீட்டுக்காரன் தன் நிலைமையைப் பற்றிப் பெருமை கொள்ளலாகாது. அண்டை வீட்டானைப் பற்றிச் சிரிக்கவும் கூடாது.

சீனர் சாதித்ததை முதலில் மனமாரச் சொல்லிவிட வேண்டும். 1978 டிசம்பரில் டெங் சியாவ்பிங்கின் தலைமையில் கதவைத் திறந்தபோது, அந்நாட்டுச் சராசரிக் குடியானவன் நம் குடியானவனைவிடச் செல்வன் அல்லன். 1980-இல் ஷென்ஜெனில் தனித் தொழில் மண்டலம் வகுத்தார்கள். 2001 டிசம்பரில் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் அங்கம் பெற்றார்கள். நாற்பது வருஷ காலத்தில் ஏறக்குறைய 80 கோடி ஜனங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று உலக பாங்கி கணக்கிடுகிறது. இன்று சீனரின் தலைவீத வருமானம் நம்முடையதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. மனித சரித்திரத்தில் இவ்வளவு ஜனங்கள் இவ்வளவு விரைவில் பசியிலிருந்து விடுபட்டதில்லை. பள்ளிக்கூடமும், வைத்திய வசதியும், பெண்கள் வேலைக்கு வருதலும் அங்கே ஆலைகளுக்கு முன்னதாகவே வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். சீனாவின் மாதிரியைப் பற்றி நம்மூரில் முழங்குகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பிறகு சங்கடம் எங்கே வந்தது? சீனாவில் நகரத்து நிலம் சர்க்காருக்குச் சொந்தம். அந்நிலத்தின் அனுபோக உரிமையைக் கட்டட முதலாளிகளுக்கு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டே ஊராட்சிகளும் மாகாண சர்க்கார்களும் வெகு காலம் காரியம் நடத்திவந்தன. பிதிரார்ஜித நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுச் செலவழிக்கும் மைனரை நாம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். விற்க நிலமும் வாங்க ஆளும் உள்ளவரையில் மைனரின் வீட்டில் தினமும் விருந்துதான். வீடு கட்டுதலும் அதைச் சார்ந்த தொழில்களும் தேசத்தின் மொத்த உற்பத்தியில் கால் பங்கு அளவுக்கு வளர்ந்துவிட்டன என்று நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். கட்டி முடியாத வீட்டுக்கு ஜனங்கள் முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கம்பெனிகள் அடுத்த ஊரில் அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டன. 2020 ஆகஸ்டில் இக்கம்பெனிகள் வாங்கக்கூடிய கடனுக்குச் சர்க்கார் எல்லை விதித்தது. மறு வருஷமே, 30,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் சுமையோடு எவர்கிராண்டே கம்பெனி தவணை தவறியது. 2023-இல் கண்ட்ரி கார்டன் கம்பெனியும் அதே கதிக்கு வந்தது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் எவர்கிராண்டேயைக் கலைத்துவிடும்படி உத்தரவிட்டது. சீனக் குடும்பங்களின் சேமிப்பில் பெரும்பகுதி வீட்டிலேயே அடங்கியிருந்தபடியால், வீட்டு விலை இறங்கியதும் ஒவ்வொரு குடும்பமும் தான் ஏழையாகிவிட்டதாக உணர்ந்தது. நிலம் விற்ற வருமானம் வற்றிப்போன ஊராட்சிகள் கடனில் மூழ்கின. அந்தக் கடனை மாற்றி எழுதுவதற்கென்றே 2024 நவம்பரில் பீகிங் சர்க்கார் 10 லட்சம் கோடி யுவான் அளவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

வீடு கட்டுவது குறைந்தால் இரும்புக்குத் தேவை குறையும். தேவை குறைந்தால் உருக்காலைகள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். உற்பத்தி சற்றுத்தான் தணிந்தது. 2024-இல் சீனா உருக்கிய எஃகு சுமார் 100 கோடி டன். உலகம் முழுவதும் உருக்கியதில் பாதிக்கு மேல். உள்நாட்டில் விலை போகாத சரக்கு கப்பலேறியது. அந்த ஒரு வருஷத்தில் சீனா வெளிநாடுகளுக்கு அனுப்பிய எஃகு 11 கோடி டன்னுக்கு மேல். இந்தியா முழுவதிலும் அதே வருஷத்தில் உற்பத்தியானது 15 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நாம் வருஷமெல்லாம் அடுப்பெரித்து உருக்குவதில் நான்கில் மூன்று பங்குக்குச் சமமான இரும்பை அவர்கள் மிச்சச் சரக்கென்று வெளியே தள்ளுகிறார்கள்.

ஆலைகளை ஏன் மூடவில்லை? கோர்ட்டுக் கச்சேரியில் திவால் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கடன்காரன் கடையைத் திறந்து வைத்திருக்கும் வரையில் கடனும் உயிரோடிருப்பதாகப் பாங்கி கணக்கெழுதிக்கொண்டு போகலாம். கடையை மூடினால் அன்றைக்கே நஷ்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மாகாண அதிகாரிகளுக்கோ வரி வேண்டும், தம் ஊரில் வேலை போயிற்று என்ற கெட்ட பெயர் வேண்டாம். ஆகவே நஷ்டத்தில் உற்பத்தி செய்வது மூடுவதைவிட எல்லோருக்கும் இலகுவாயிற்று. வீட்டுக்குப் போன கடன் ஆலைக்குத் திரும்பியது. எஃகு மட்டுமன்றி, சூரிய ஒளித் தகடுகள், மின்சார மோட்டார் வண்டிகள், மின்கலங்கள் ஆகிய எல்லாவற்றிலும் தேவைக்கு மிஞ்சிய ஆலைகள் பெருகின. 2022 அக்டோபர் முதல் மூன்று வருஷங்களுக்கு மேலாக அந்நாட்டு ஆலை வாசலில் சரக்கு விலை விழுந்துகொண்டே வந்தது. 2025-இல் அதன் ஏற்றுமதி மிச்சம் 1 லட்சம் கோடி டாலரையும் தாண்டியது. இதை வெற்றி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. வீட்டிலுள்ளவர்கள் வாங்கி உண்ண முடியாத பண்டத்தை ஊரெல்லாம் மலிவாக விற்றுவரும் குடும்பத்தை வெற்றி பெற்ற குடும்பமென்று நாம் சொல்ல மாட்டோம்.

சங்கடத்தின் வேர் இதுதான். சீனாவில் செய்கிறவன் கை நீளம். வாங்குகிறவன் பை சிறிது. தேசத்தின் மொத்த உற்பத்தியில் அந்நாட்டுக் குடும்பங்கள் தம் வாழ்க்கைக்கென்று செலவிடுவது நூற்றுக்குச் சுமார் 40 வீதந்தான். நம் ஏழை தேசத்திலேயே அது 60 வீதத்தை ஒட்டியிருக்கிறது. அறுபது கோடி ஜனங்களின் மாத வருமானம் சுமார் 1,000 யுவான்தான் என்று 2020 மே மாதத்தில் அந்நாட்டுப் பிரதம மந்திரி லீ கெச்சியாங்கே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அவருக்கு முன்பு பதவியிலிருந்த வென் ஜியாபாவ், வளர்ச்சி நிலையற்றதாகவும் சமநிலை தவறியதாகவும் இருக்கிறதென்று 2007-லேயே எச்சரித்தவர். நோய் தெரியாமல் இல்லை, மருந்து கசக்கிறது. குடும்பங்களின் பையை நிரப்ப வேண்டுமானால், ஆலைகளுக்கும் ஊராட்சிகளுக்கும் போய்க்கொண்டிருக்கும் பங்கை யாராவது குறைத்துக்கொள்ள வேண்டுமல்லவா? அங்கேதான் ஒவ்வொரு தீர்மானமும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இவ்விடத்தில் 'ஹுகோவ்' என்னும் குடிப்பதிவு முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1958-இல் சட்டமாக்கப்பட்ட இம்முறைப்படி, ஒவ்வொரு சீனப் பிரஜையும் ஒரு குறிப்பிட்ட ஊரின் குடியாகப் பதியப்படுகிறான். கிராமத்தில் பதிந்தவன் ஷாங்காய்க்கோ ஷென்ஜெனுக்கோ போய் இருபது வருஷம் உழைத்தாலும், அந்நகரத்துக் குடிக்குக் கிடைக்கும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் முதியோர் சம்பளமும் அவனுக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. இம்முறை காலப்போக்கில் பல இடங்களில் தளர்த்தப்பட்டிருக்கிறது. பெரிய நகரங்களில் இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. இவ்வாறு சொந்த ஊரை விட்டோ, நிலத்தை விட்டோ வேலைக்கு வந்தவர்கள் சுமார் 30 கோடிப் பேர். குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவன் நகரத்தில் நாற்காலி வாங்குவானா, பீரோ வாங்குவானா? கட்டிலுக்கு ஒரு இடம் வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, வியாதிக்கும் முதுமைக்கும் பயந்து, சம்பாதித்ததைச் சேர்த்து வைப்பான். கிராமத்து முதியவருக்குச் சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் மாதம் ஏறக்குறைய 200 யுவான் என்றால், அந்தப் பயம் வீணானதென்று சொல்ல முடியுமா? ஷென்ஜென் ஆலைச் சரக்கு உலகச் சந்தையில் மலிவாக இருந்ததற்குக் காரணம் யந்திரம் மட்டுமன்று. தொழிலாளியின் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் செலவும், அவன் தாயாருக்குச் சோறிடும் செலவும் அந்த விலையில் சேரவில்லை.

இனிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சென்னையிலிருந்து கல்கத்தா போகும் ராஜபாட்டையும் ரயில் பாதையும் இவ்வூர் வழியாகச் செல்கின்றன. 1971-இல் ஏற்பட்ட சிப்காட் ஸ்தாபனம் வகுத்த தொழிற்பேட்டையில் பலவகை ஆலைகள் உண்டு. ஆனால் ஊருக்குப் பெயர் கொடுத்தது இரும்பு. காயலாங்கடையிலிருந்தும் கப்பலிலிருந்தும் வரும் பழைய இரும்பையும், கடற்பஞ்சு போன்ற ஸ்பாஞ்சு இரும்பையும் மின்சார உலையில் உருக்கி, கட்டையாக வார்த்து, கட்டையை உருட்டிக் கம்பியாக்குகிறார்கள். சென்னையில் எழும்பும் மாடி வீடுகளின் தூண்களில் கும்மிடிப்பூண்டிக் கம்பி நிற்கிறது. இரவில் இந்த ஊரைக் கடந்து போகிறவர்கள் வானத்தில் செந்நிறத்தையும், விடிந்தபின் வீட்டுக் கூரைகளில் கரும்பொடியையும் பார்த்திருப்பார்கள். சுற்றுக் கிராமத்தார் இந்தப் புகையைப் பற்றி முறையிட்டு வருவது நேற்று இன்றைய விஷயமன்று.

ஒரு செய்தியை நம் ஆலை முதலாளிகள் மறக்கலாகாது. இதே வகை மின்சார உலையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி வார்க்கும் தொழில் சீனாவிலும் காடுபோல் வளர்ந்திருந்தது. சரக்கின் தரம் சரியில்லை, புகையும் பொறுக்க முடியவில்லை என்று 2017 ஜூன் மாதக் கெடு வைத்து, சுமார் 14 கோடி டன் உருக்கும் திறனுள்ள இத்தகைய உலைகளை அந்நாட்டுச் சர்க்கார் ஒரேயடியாக மூடிவிட்டது. அங்கே அவ்வாறு செய்ய ஓர் உத்தரவு போதும். இங்கே அது நடவாது, நடக்கவும் வேண்டாம். இந்தியாவின் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த உலைகளில்தான் பிறக்கிறது. எண்ணற்ற குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. ஆனால் தரத்தையும் புகையையும் நாமே திருத்திக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் யாரேனும் நமக்கும் கெடு வைப்பார்கள்.

சீன இரும்பினால் கும்மிடிப்பூண்டிக்கு நேரும் கேடு எத்தகையது? இங்கே நியாயமாகப் பேச வேண்டும். சீனாவிலிருந்து நம் துறைமுகங்களில் வந்து இறங்குவது பெரும்பாலும் தகட்டு வகை. 2025 ஏப்ரல் 21-ஆம் தேதி மத்திய சர்க்கார் நூற்றுக்கு 12 வீதம் தற்காலிகப் பாதுகாப்பு வரி விதித்ததும் தகட்டுக்குத்தான். அவ்வருஷம் டிசம்பர் கடைசியில் அதை மூன்று வருஷ ஏற்பாடாக்கி, முதல் வருஷம் 12, இரண்டாவது வருஷம் 11.5, மூன்றாவது வருஷம் 11 வீதம் என்று இறங்குமுகமாக வகுத்தார்கள். கும்மிடிப்பூண்டியில் உருட்டுவதோ கம்பி. ஆகவே சீனக் கப்பல் நேரே வந்து நம் கம்பி ஆலையின் கதவை இடிக்கவில்லை. இரும்பின் விலை உலகமெங்கும் படுத்துவிட்டால் எந்த வகை இரும்பும் தனியே நிமிர்ந்து நிற்க முடியாது என்ற அளவில் கேடு உண்டு. மின்சாரக் கட்டணத்துக்கும் பழைய இரும்பின் விலைக்கும் நடுவில் நெருக்குண்டு கிடக்கும் சிறிய ஆலைக்கு அந்த அளவு போதும். ஆயினும், எல்லாக் கஷ்டத்தையும் சீனன் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் முதலாளிகளின் விண்ணப்பத்தில் நாம் கையெழுத்திட முடியாது.

ஏனென்றால், உலைக்கு முன் நிற்கிறவன் யார் என்று பார்த்தோமா? பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் என்று தூர தேசத்திலிருந்து வந்த வாலிபர்கள். ஆலைக் கணக்கில் அவர்களிற் பலருக்குப் பெயரில்லை. காண்டிராக்டரின் கணக்கில் இருக்கிறது. ஒரே அறையில் பத்துப் பேர். பகல் முறைக்காரன் எழுந்த பாயில் இரவு முறைக்காரன் படுப்பான். குடும்பம் ஊரில். சம்பாதித்ததில் சோற்றுக்கும் செல்போனுக்கும் போக மிஞ்சியது ஊருக்குப் போகிறது. கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் அவன் வாங்குவது பீடியும், சோப்பும், மலிவான ஒரு சட்டையும். அந்தச் சட்டையின் பொத்தானைத் திருப்பிப் பார்த்தால் அதுவும் சீனத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்! இவ்வளவு உற்பத்தி செய்யும் ஊரில் நல்ல வீடில்லை, நல்ல வியாபாரமில்லை என்றால் ஆச்சரியமென்ன?

நம் தேசத்தில் ஹுகோவ் சட்டம் இல்லை; பிரஜைக்கு எங்கும் போய் வாழ அரசியல் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. எந்த ஊர் ரேஷன் கார்டானாலும் எங்கும் அரிசி வாங்கலாம் என்ற திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்தது. ஆனால் சட்டத்தில் இல்லாத சுவரை வழக்கத்தில் எழுப்பிவிட்டோம். 2020-இல் ஊரடங்கு வந்தபோது வடநாட்டுத் தொழிலாளர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இதே கல்கத்தா ராஜபாட்டையில் நடந்ததை நாம் பார்த்தோம். தங்களை இந்த ஊர்க் குடிகளென்று ஒருவரும் எண்ணவில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தபடியால்தான் நடந்தார்கள். 2025 செப்டம்பரில், கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில், சகத் தொழிலாளி ஒருவன் இறந்ததற்கு நஷ்டஈடு கேட்டுத் திரண்ட வடநாட்டுத் தொழிலாளர்மீது கண்ணீர்ப்புகை வீசும் நிலைமை வந்தது. கல்லெறிந்ததை நாம் ஆதரிக்கவில்லை. முறையிடுவதற்கு ஒரு சங்கமும், கேட்பதற்கு ஓர் அதிகாரியும், பேசுவதற்குப் பொதுவான ஒரு பாஷையும் இல்லாத கூட்டம் வேறெப்படிப் பேசும் என்று மட்டும் கேட்கிறோம். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகளின் பெரிய முகாமும் இருக்கிறது. அதில் பிறந்து வளர்ந்தவர்கள் நம் பாஷையையே பேசுகிறவர்கள். அவர்களுக்கும் இவ்வூர் சொந்த ஊராகவில்லை. ஊரில் இருந்தும் ஊராராகாமல் வாழ்வது என்னவென்று அறிய நாம் சீனா வரையில் போக வேண்டியதில்லை.

உள்ளூர்த் தமிழ் வாலிபர்கள் இந்த வேலைக்கு ஏன் வருவதில்லை என்று ஆலைக்காரர்கள் குறை சொல்லுகிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்பது இக்குறையின் சாரம். உலையின் வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்று, உத்தரவாதமில்லாத கூலி வாங்கும் வேலைக்கு, படித்த பிள்ளை வராமலிருப்பது சோம்பலன்று, விவேகம். இன்னொரு காரணமும் உண்டு; அதுவும் சீனாவின் சங்கடத்தோடு சேர்ந்தது. 2016-இல் சீனாவில் பிறந்த குழந்தைகள் சுமார் 1 கோடியே 78 லட்சம். 2023-இல் பிறந்தவை சுமார் 90 லட்சம். 1961-க்குப் பிறகு முதல் தடவையாக 2022-இல் அந்நாட்டு ஜனத்தொகை குறைந்தது. ஒரு குழந்தைக்கு மேல் கூடாதென்று 1980 முதல் 2015 வரையில் கட்டாயப்படுத்தியவர்கள், இப்பொழுது மூன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்கள், கேட்பாரில்லை. தமிழ்நாட்டில் அத்தகைய கட்டாயம் எதுவுமில்லாமலே, 2020-ஆம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைதான். சீனா செல்வமடைவதற்கு முன் முதுமையடைகிறது என்று பேசுகிறோம். தமிழகம் அதைவிடக் குறைந்த வருமானத்தோடு அதே வழியில் நடக்கிறது. இனி உலைக்கு முன் நிற்க வடநாட்டுப் பிள்ளைகள் வரவேண்டும். அவர்கள் வந்து, இருந்து, குடும்பம் வளர்த்தால்தான் இந்த ஊருக்கு எதிர்காலம். அந்த வடநாட்டிலும் பிறப்பு குறைந்துகொண்டுதான் வருகிறது என்பதை நினைவூட்டுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கூலியை உயர்த்தினால் சரக்கு விலை உயரும், சீனச் சரக்கு உள்ளே புகுந்துவிடும், தொழிலே போய்விடும் என்பார்கள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியபோதும் அந்நிய முதலாளிகள் வரவேண்டுமென்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. தொழிலாளரும் கட்சிகளும் எதிர்த்ததன்மேல், மே தினத்தன்று அது கைவிடப்பட்டது. எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீசிட்டியைக் காட்டி இங்கே சலுகை கேட்கிறார்கள். இங்கே கொடுத்ததைக் காட்டி அங்கே கேட்பார்கள். சீனத்து மாகாணங்கள் இப்படிப் போட்டியிட்டுத்தான் ஒரே வகை ஆலையை ஊருக்கு ஊர் கட்டி, இன்று எல்லாம் சேர்ந்து நஷ்டத்தில் நிற்கின்றன.

மலிவு என்பதற்கு எப்போதும் ஒருவன் விலை கொடுத்திருக்கிறான். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கிக்கொண்டே போயிற்று. அந்தத் தயாளம் சுதேசிக் கம்பெனி படுத்த பிறகு எத்தனை நாள் இருந்தது? இன்றைய சீன மலிவும் தயாளமன்று; ஹுகோவ் கிராமத்துப் பாட்டியும், வட்டி குறைவாகப் பெற்ற சேமிப்புக்காரனும், ஊராட்சிக் கடனும் சேர்ந்து கொடுக்கும் விலை. மலிவை நம்பிக் கைத்தொழிலை விட்டவன் நிலைமை என்னவாகும் என்பதை 2025 ஏப்ரலில் பார்த்தோம். அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தவுடனே, ஸ்ரீபெரும்புதூர் வரையில் மோட்டார் ஆலைகள் கையைப் பிசைந்தன. ஆகவே நம் தொழிலைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1924-இல் அந்நிய சர்க்காரிடமே எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தைக் கேட்டுப் பெற்ற தேசம் இது.

ஆனால் பாதுகாப்பு வரியை யார் செலுத்துகிறார்கள்? தகட்டை வளைத்துச் சாமான் செய்யும் அம்பத்தூர், திருமுடிவாக்கம், கோயம்புத்தூர்ச் சிறு பட்டறைக்காரரும், அந்தச் சாமானை வாங்கும் குடியானவனும் செலுத்துகிறார்கள். சிப்காட் நிலமும் மின்சார வரிச் சலுகையும் பொதுஜனங்களின் சொத்தே. ஆகவே முதலாளி அதைக்கொண்டு என்ன செய்கிறார் என்று கேட்கும் பாத்தியதை பொதுஜனங்களுக்கு உண்டு. தஞ்சாவூரில் பிறந்து, காந்தியடிகளோடு கிராமப் பொருளாதாரத்துக்காக உழைத்த ஜே. சி. குமரப்பா 1951-இல் சீனாவுக்குப் போய்ப் பார்த்து வந்தவர். எவ்வளவு உற்பத்தி என்பதற்கு முன், யாருக்காக உற்பத்தி என்று கேட்கப் பழகியவர் அவர். அந்தக் கேள்வியைப் பீகிங்கும் கேட்டுக்கொள்ளவில்லை. புது டில்லியும் இப்பொழுது கேட்டுக்கொள்ளவில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையொன்றுமில்லை. காண்டிராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் ஆலை முதலாளியே கொடுக்க வேண்டுமென்று 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அதை விட்டுவிடவில்லை. அந்த விதியை ஆலை வாசலில் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டச் செய்வதற்குப் பணம் செலவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கு ராஜ்ய சர்க்கார் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல காரியம், செல்போன் ஆலைக்குச் செய்ததை உலைக்காரனுக்கும் செய்ய வேண்டும். அவனுக்கு விடுதி மட்டும் போதாது. மனைவி மக்களோடு இருக்கக்கூடிய சிறு வீடும், பிள்ளை தமிழ் படிக்கப் பள்ளிக்கூடமும் வேண்டும். அந்தப் பிள்ளை பத்து வருஷத்தில் நம் பிள்ளையாகிவிடுவான். அவன் தகப்பன் கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் பீரோ வாங்குவான்.

மூன்று வருஷப் பாதுகாப்பு வரி வருஷத்துக்கு வருஷம் குறையப் போகிறது. ஒவ்வொரு தடவை குறையும்போதும், கம்பெனிகளின் உற்பத்திக் கணக்கையும் இறக்குமதிக் கணக்கையும் சர்க்கார் மேஜைமீது வைப்பார்கள். அதே மேஜைமீது, அந்த ஆலைகளில் நேரே சம்பளம் வாங்குகிறவர் எத்தனை பேர், காண்டிராக்டர் கையால் வாங்குகிறவர் எத்தனை பேர், அவர்கள் சராசரிக் கூலி என்ன என்ற கணக்கையும் வைத்து, பத்திரிகைகளில் பிரசுரிக்க வேண்டும். ராஜ்ய சர்க்கார் தன் சலுகைகளைப் புதுப்பிக்கும்போது கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலைகளிடமும் அதே கணக்கைக் கேட்க வேண்டும். கொடுக்க மறுக்கும் ஆலைக்கு அடுத்த வருஷம் சலுகை கிடையாதென்று ஒரு வரி உத்தரவு போட்டால், கணக்கு தானே வந்து சேரும்.